அந்த முதுகு யாருடையது?

போரில் மாண்ட ஒருவரின் படத்தைப் போட்டு நிதி திரட்டப் போகிறீர்களா? அச்சுக்குக் கொடுக்குமுன் நில்லுங்கள். படத்தில் இருப்பவர் அவர்தானா? அவரைப் பெற்றவளிடம் கேட்டீர்களா?

இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானின் இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி மலையுச்சியில் ஆறு பேர் அமெரிக்கக் கொடியை நாட்டினார்கள். ஜோ ரோசந்தால் எடுத்த அந்தப் படம் உலகறிந்தது. ஆறு பேரில் மூவர் அதே தீவில் மாண்டார்கள். படத்தை ஓவியமாக வரைந்து, ஏழாவது போர்க்கடன் திரட்டலுக்குச் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டினார்கள். இலக்கு 1,400 கோடி டாலர். திரண்டதோ 2,600 கோடிக்கும் மேல்.

கம்பத்தின் அடியைக் குனிந்து பிடித்திருப்பவரின் முகம் படத்தில் தெரியாது. டெக்சாஸில் நாளிதழைப் பார்த்த ஒரு தாய், முதுகை வைத்தே தன் மகன் ஹார்லன் பிளாக்கை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் குனிந்திருப்பவர் ஹென்றி ஹேன்சன் என்று அமெரிக்க மரீன் படை அறிவித்தது. பிளாக்கும் ஹேன்சனும் மார்ச் 1 அன்று, ஒரே நாளில் உயிர்விட்டவர்கள்.

கூட நின்று கொடி நாட்டிய ஐரா ஹேய்ஸுக்கு உண்மை தெரியும். அதிகாரியிடம் சொன்னார். பெயர்களை அறிவித்தாகிவிட்டது, பேசாதே என்று அவர் வாயை அடைத்தார்கள். போர் முடிந்த பிறகு, 1946-இல், அவரே டெக்சாஸுக்குப் போய் பிளாக்கின் தந்தையிடம் சொன்னார். 1947-இல்தான் பெயர் திருத்தப்பட்டது. அதே படத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் தவறு என்று 2016-இலும் 2019-இலும் ஒப்புக்கொண்டார்கள்.

போருக்குப் பணம் வேண்டியிருந்தது. கொடுத்த மக்கள் மனமாரக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. பெயரைத் திருத்தியிருந்தால் அந்த வசூல் நின்றுபோயிருக்குமா? ஒரு தாய்க்கு உரியதை மறைத்தார்கள். இன்னொரு தாய்க்குத் தவறாகக் கொடுத்து, பின்னர் பிடுங்கிக்கொண்டார்கள். எந்த அவசரமும் இதை நியாயமாக்காது.

இன்று கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் ஊரைச் சுற்றி வந்துவிடுகின்றன. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டாரின் சம்மதம் வாங்காமல் அந்த முகத்தைத் தொடாதீர்கள். தவறு என்று யாராவது சொன்னால் அன்றைக்கே வசூலை நிறுத்துங்கள், ஒட்டியதைக் கிழியுங்கள், பணம் கொடுத்தவர்களுக்கும் சொல்லுங்கள். திரண்ட தொகையின் கணக்கை மேடையில் வாசிக்குமுன் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.