கண் ஒட்டிய குட்டிக்கு யார் பொறுப்பு?

பூனைக்குட்டிக்குச் சளி பிடித்தால் அதைக் கவனிப்பது கடமையா, அல்லது மனமிருந்தால் செய்யக்கூடிய ஓர் உபகாரமா? இப்படி ஒரு கேள்வியை நம் இதழில் எழுப்பினால், “எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?” என்று சிரிக்கும் சகோதரர்கள் இருக்கவே செய்வார்கள். சிரிக்கட்டும். ஆனால் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அடுக்கி வியாபாரம் செய்கிற நம்மில், கிட்டங்கியில் பூனை வைத்திராதவர் எத்தனை பேர்? பூனை உள்ள இடத்தில் குட்டியும் உண்டு. குட்டி உள்ள இடத்தில் என்றாவது ஒரு நாள் இந்த நோயும் எட்டிப் பார்க்கும். ஆகவே இது நம் வாசலிலேயே கிடக்கும் கேள்வி.

நோய் இன்னதென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை, இவையே அடையாளம். பெரும்பாலும் பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ், காலிசி என்னும் இரண்டு வைரஸ் கிருமிகளால் வருவது. அவை மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் ஒரு பூனையிடமிருந்து மற்றொன்றுக்குத் தும்மல் வழியாகவும், தட்டு வழியாகவும், நம் கை, சட்டை வழியாகவும் பரவும். வளர்ந்த பூனை பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் தேறிவிடும். மூன்று நான்கு வாரக் குட்டிக்கோ இது உயிர்ப் பிரச்சினை. காரணம் என்னவெனில், பூனை மோந்து பார்த்தே தின்னும் பிராணி. மூக்கு அடைத்துவிட்டால் முன்னே வைத்த மீனும் மண்ணாங்கட்டியும் அதற்கு ஒன்றுதான். காலிசிக் கிருமியாயின் நாக்கிலும் புண் வரும். பால்குடிக் குட்டியின் பாடு இன்னும் மோசம். காம்பைப் பற்றிய மாத்திரத்தில் மூச்சு முட்டுகிறது, விட்டுவிடுகிறது. அதற்குள் பீளை காய்ந்து இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. தாய் எங்கே, தட்டு எங்கே என்று தெரியாமல் மூட்டை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். நோய் கொன்றது என்கிறோம். கொன்றதில் பசிக்கும் பங்குண்டு.

இனி மார்க்கத்துக்கு வருவோம். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நம்மில் அதைக் கேளாதவர் இல்லை. அதில் இரண்டு குற்றங்கள் சேர்ந்து சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். அவள் உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. இங்கேதான் நம் வியாபாரி சகோதரர் தப்பித்துக்கொள்கிறார். “நான் கட்டி வைக்கவில்லையே! கதவு திறந்துதானே கிடக்கிறது? போகிற பூனை போகட்டும், வருகிற பூனை வரட்டும்.”

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சுற்றித் திரியும் ஆரோக்கியமான பூனைக்கு இது சரியான பதிலே. ஆனால் மாலிக்கீ மத்ஹபின் சட்ட நூல்களில் ஒரு மஸ்அலா உண்டு. கண் தெரியாத பூனை ஒன்று ஒருவர் வீட்டில் வந்து ஒதுங்கி, அங்கிருந்து போக இயலாமல் தங்கிவிட்டால், அதற்கு உணவளிப்பது அந்த வீட்டுக்காரர் மீது கடமையாகிவிடும். போகச் சக்தி இருந்தால் கடமையில்லை. நம்மில் ஷாபியீக்கள் உண்டு, ஹனபீக்கள் உண்டு. மாலிக்கீக்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் அந்த இமாம்கள் எதைப் பார்த்துப் பேசினார்கள் என்று யோசிப்பதற்கு மத்ஹபு தடையன்று. யார் விலை கொடுத்து வாங்கினார், யார் கயிறு போட்டார் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறதா என்பதைப் பார்த்தார்கள். பீளையில் கண் ஒட்டி, மூக்கடைத்துக் கிடக்கும் குட்டிக்கு நம் கிட்டங்கியின் திறந்த கதவு எதற்கு உதவும்? கயிற்றை நாம் போடவில்லைதான்; நோய் போட்டிருக்கிறது. கட்டுண்டு கிடப்பது நம் கூரையின் கீழ்.

படித்த சகோதரர் ஒருவர் இங்கே இன்னொரு ஆட்சேபம் சொல்லக்கூடும். உணவு வேறு, மருந்து வேறு. தனக்கே வைத்தியம் செய்துகொள்வது ஷாபியீ மத்ஹபில் ஸுன்னத்தே அன்றி வாஜிபு இல்லை என்றிருக்க, பூனைக்கு வைத்தியம் செய்வது எப்படிக் கடமையாகும்? நல்ல கேள்வி. மற்ற நோய்களுக்கு நான் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. மூக்கைத் துடைத்துவிட்டால் குட்டி தின்னும், துடைக்காவிட்டால் தின்னாது. அப்படியானால் மூக்கைத் துடைப்பது மருந்தா, உணவளிப்பதா? தட்டை வைத்துவிட்டு, “நான் கொடுத்தேன், அது தின்னவில்லை” என்று சொன்னால் போதுமா? அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த தண்ணீரைத் தேடி ஒரு பூனை வந்தபோது, அவர்கள் அதை விரட்டாமல் இருந்ததோடு நிற்கவில்லை. அது குடிப்பதற்கு வாகாகப் பாத்திரத்தைச் சாய்த்தும் பிடித்தார்கள். பூனை அசுத்தமன்று, நம்மிடையே சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை மருமகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். பூனை வாய் வைத்த தண்ணீரில் உளூச் செய்யலாமா என்பதற்கே இதை நாம் மதரஸாவில் பாடமாக ஓதினோம். பாத்திரம் சாய்ந்ததைப் பற்றி உஸ்தாத் ஒன்றும் கேட்டதில்லை!

கணக்கு வழக்குத் தெரிந்த நம்மவருக்கு மற்றொன்றையும் சொல்லலாம். எலி குறைந்து மூட்டை கிழியாமல் இருக்கும் மாதங்களில் அது “நம்ம பூனை.” ஈன்ற குட்டி தும்மத் தொடங்கியதும் அதுவே “தெருப்பூனை.” வரவை ஒரு பேரேட்டிலும் பற்றை இன்னொருவர் பேரேட்டிலும் எழுதும் கணக்கப்பிள்ளையை நாம் ஒரு நாள் வேலைக்கு வைத்திருப்போமா? மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பிராணிகளைக் கொடுமை செய்வோருக்கு 20,000 வெள்ளி முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும் வைத்திருக்கிறது. ஆனால் நான் பேசுவது அபராதத்துக்கு அஞ்சுபவர்களிடம் அன்று.

“மனிதர்களே மருந்தின்றிக் கிடக்கையில் பூனைக்குச் செலவா?” என்பது அடுத்த கேள்வி. மனிதனும் பூனையும் ஒரே காசுக்குக் காத்திருந்தால் மனிதனுக்கே கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. மிருக வைத்தியரின் கட்டணம் சிறு கடைக்காரருக்குப் பாரமாக இருக்குமானால், அதைக் கடன் வாங்கியாவது செலுத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே முதலில் வேண்டியது என்ன? கொஞ்சம் உப்பு, கொஞ்சம் பஞ்சு, வெந்நீர், ஒரு துண்டு மீன். இதை மிச்சம் பிடித்து எந்த ஏழைக்குக் கொடுத்தோம்? ஏழையின் பெயரைச் சொல்லிப் பூனைக்கு இல்லையென்பவர், ஏழை வந்து நிற்கும்போது வேறொருவர் பெயரைச் சொல்வார்.

செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. அது வெதுவெதுப்பாக இருக்கையில் பஞ்சை நனைத்து, காய்ந்த பீளை ஊறும்வரை கண்மேல் வைத்திருந்து, பிறகு மெல்லத் துடைக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது. மூக்கையும் அவ்வாறே. ஒரு பால் டின் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்தால் அதுவே அதற்கு மெத்தை. உடல் குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு எதுவும் ஊட்டக்கூடாது. முதலில் சூடு, பிறகே உணவு. வாசனை எட்டும்படி மீனை வேகவைத்து மசித்து இளஞ்சூட்டோடு கொடுக்க வேண்டும். பல் முளைக்காததற்குப் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு உண்டு. பசும்பால் வயிற்றைப் போக்கிவிடும். குழலில் ஊட்டினால் மல்லாத்திப் பிடிக்காமல், நிற்கிற வாக்கில் பிடித்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இல்லையேல் நுரையீரலுக்குள் போய்விடும்.

நம்மவர்களின் இரண்டு கைவைத்தியங்களை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். பெனடோல் பூனைக்கு விஷம். கால் மாத்திரையும் ஆகாது. எல்லா நோய்க்கும் நாம் எடுக்கிற கோடாலித் தைலமும் அப்படியே. தடவினால் நக்கி உள்ளே போகும்.

நம்மிடம் தராசு இருக்கிறது. பிறக்கையில் குட்டி சுமார் 100 கிராம். அதன்பின் நாளுக்குச் சுமார் 10 கிராம் கூட வேண்டும். தினம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கினாலோ, ஒரு நாள் முழுதும் தின்னாவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கைவைத்தியத்தோடு நிற்காமல் மிருக வைத்தியரிடம் போக வேண்டியதுதான். தேறிய பூனைகளிலும் பல கிருமியை உள்ளே சுமந்திருக்கும். ஆகையால் வளரும் குட்டிகளுக்கு எட்டு ஒன்பது வாரத்தில் தடுப்பூசி போடுவது நல்லது.

“பிழைப்பதும் சாவதும் அல்லாஹ்வின் நாட்டம்” என்பார்கள். உண்மை. மழை அவன் நாட்டம் என்பதற்காக நாம் அரிசி மூட்டையை வெளியே போட்டுவிட்டுப் போவதில்லை.

“கடைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன்” என்பார் சிலர். ஒப்படைக்கலாம், வகாலத் செல்லும். ஆனால் அந்தக் கால்மணி நேரம் அவன் வேலை நேரத்தில் சேர வேண்டும். லாரி வந்து நிற்கையில், “குட்டியைப் போட்டுவிட்டு மூட்டையை இறக்கு” என்று அதட்டுகிற முதலாளி அவனிடம் எதை ஒப்படைத்தார்? தவிர, குட்டியைத் தொட்ட பையன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே அரிசி அளக்க வேண்டும். மற்றக் குட்டிகளைத் தொடுமுன்னும் கழுவ வேண்டும். கிட்டங்கியில் அதற்கு ஒரு குழாயும் சோப்பும் இல்லையென்றால், முதலில் அவற்றை வாங்கிப் போடுங்கள்.