தொண்டும் கூலியும்

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளில் ஏறத்தாழ 45,000 தன்னார்வத் தொண்டர்கள் பணியாற்றினர். சீருடையும் பணிநேர உணவும் பெற்றனர், ஊதியம் பெறவில்லை, தங்குமிடமும் அவரவர் பொறுப்பே. ஒளிபரப்பு உரிமையால் கோடிகள் குவியும் விழாவில் இது தொண்டா, சுரண்டலா?

வழியறியாது நின்ற அயலாருக்கு வழிகாட்டியவரின் அன்பை நாம் ஐயுறுவதற்கில்லை. ஆனால் அந்த ஒரே செயல் இருவரைச் சென்றடைகிறது: வழி கேட்டவருக்கு அன்பாக, விழா நடத்துபவருக்குச் செலவு மிச்சமாக. முன்னதற்கு நன்றி போதும். பின்னதற்கு நீதி வேண்டும்.

மேலும், அறை வாடகை கொடுக்க இயலாத தொலைவூர் ஏழைக்குத் தொண்டு செய்யும் பேறும் எட்டாமற்போகிறது. தங்க ஓர் இடம் கிடைத்திருப்பின், அவரும் கொடுத்து மகிழ்ந்திருப்பார். கொடுப்பவரின் தாராளம் பெறுபவரின் கடமையைத் தள்ளுபடி செய்வதில்லை என்பதை நாம் மறவாதிருப்போம்.