நமக்குள் மட்டும்

“இதை நம்மவர்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.” எழுத்தாள நண்பர்கள் கதையோ கட்டுரையோ அனுப்பும்போது இப்படியொரு வரியையும் சேர்ப்பதை அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். வெளியார் கைக்கு எட்டினால் விபரீதமாகிவிடும் என்ற அச்சம் அவ்வரியில் இருக்கிறது.

அதைக் கோழைத்தனமென்று ஒதுக்கிவிட முடியாது. மன்னார் மாவட்டக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் ‘நவரசம்’ தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதே தொகுதியில்தான் இருந்தன. பத்தொன்பது மாதங்களின் பின், 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அப்படியானால் எழுத்துக்கு வேலி போடுவதுதான் வழியா?

கேள்வி பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குர்துபாவில் காழியாக இருந்த இப்னு ருஷ்த், வேதவரிகளுக்கான நுண்ணிய விளக்கங்களைப் பாமரர் முன் வைக்கலாகாது என்று ‘பஸ்லுல் மகால்’ நூலில் வாதிட்டார். விளக்கம் பிடிபடாதவன் ஏற்கனவே இருந்த நம்பிக்கையையும் இழந்துவிடுவான் என்பது அவர் கவலை. இத்தகைய விடயங்களைப் பொதுவான நூல்களில் எழுதியதற்காக இமாம் கஸ்ஸாலியையும் அவர் குறை கூறினார்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவரின் மெய்யியல் நூல்கள் 1195இல் தீயிலிடப்பட்டன. அவரும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார். தீயிட்டவர்கள் அந்நியரல்லர். அறபு மூலம் தொலைந்துபோன அவரது உரைகள் சில இன்று எபிரேய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளில்தான் கிடைக்கின்றன. நம்மவர் எரித்ததை வெளியார் பாதுகாத்துத் தந்திருக்கிறார்கள்.

ஆகவே ‘நம்மவர்’, ‘வெளியார்’ என்ற கோடு பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல. ‘நவரசம்’ விடயத்திலும் கவிஞருக்காகக் குரல் கொடுத்தவர்கள் கவிதைகளை ஒளித்துவைக்கவில்லை. மொழிபெயர்த்து உலகின் முன் வைத்தார்கள். பாதி வாசிப்பு செய்த தீங்குக்கு முழு வாசிப்பே மருந்து.

வேலியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒருவர் நம்பிச் சொன்ன குடும்பத் துயரம் நம்மிடமுள்ள அமானிதம். அதை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் சொன்னவரே. அங்கே மௌனம் கடமை.

நான் அஞ்சுவது வேறு வேலிக்கு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாய் திறந்தபோது, “வீட்டு விடயத்தை வெளியே கொண்டுபோகாதே” என்றுதான் பலர் சொன்னார்கள். அந்த வேலி சமூகத்தின் மானத்தைக் காத்ததோ இல்லையோ, அதன் விலையைக் கொடுத்தவர்கள் அப்பெண்களே. அதுபோலவே, அயலிலுள்ள சிங்களவரைப் பற்றியோ தமிழரைப் பற்றியோ அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதை நமக்குள் மட்டும் எழுதிக்கொள்வதும் பாதுகாப்பாகாது. திருத்துவார் இல்லாத இடத்தைத் தேடிக்கொள்வதே அது.

“நமக்குள் மட்டும்” என்று எழுதுமுன் ஒன்றை நம்மையே கேட்டுக்கொள்ளலாம்: இந்த வேலி யாரைக் காக்கிறது? நம்மை நம்பிச் சொன்னவரையென்றால் உயர்த்திக் கட்டுவோம். நம் தவறையென்றால் அதைப் பிரித்துவிடுவதே நல்லது.