இடைக்காலத்தின் குடிகள்

ஒரு நகரத் திட்டம் இரண்டு காலங்களையே அறியும்: இன்று இருப்பது, பின்னால் வரப்போவது. இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருஷங்கள் கிடக்கின்றன. வரைபடத்தில் அவற்றுக்கு வர்ணம் கிடையாது. ஆனால் அந்த வருஷங்களிலும் மனிதர்கள் கடை திறக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். திட்டம் அவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா என்பதே என் கேள்வி.

பொட்டோமாக் நதிக்கு இக்கரையில் வாஷிங்டன், அக்கரையில் ஆர்லிங்டன். அங்கே வில்சன் பூலவார்டு என்ற பழைய கடைத்தெரு. கார் வைத்திருந்தவர்கள் புதிய பேரங்காடிகளுக்குப் போய்விட, அது சோர்ந்து கிடந்தது. மெட்ரோ ரயிலை நெடுஞ்சாலையின் நடுவே ஓட்டுவது செலவு குறைந்த வழி. ஆர்லிங்டன் நிர்வாகம் அதற்கு இணங்கவில்லை. சுரங்கம் இந்தத் தெருவை ஒட்டியே போகவேண்டும் என்று வாதாடி வென்றது. ராஸ்லினிலிருந்து பால்ஸ்டன் வரை சுமார் 3 மைலில் 5 நிலையங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கால் மைலுக்குள் உயர்ந்த கட்டடங்கள். கீழே கடை, மேலே அலுவலகம், வீடு. விலக விலக உயரம் தணிந்து பழைய தனிவீடுகளில் முடியும். 1979 டிசம்பரில் ரயில் பால்ஸ்டனை எட்டியது.

இது நல்ல திட்டம். தயக்கமில்லாமல் சொல்கிறேன். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து போகிற ஆயிரக்கணக்கானோர் அதன் சாட்சி. தீய திட்டத்தைப் பற்றித் தார்மிகக் கேள்வி எழுப்புவது சுலபம். நல்ல திட்டம்தான் நம்மைச் சோதிக்கிறது.

நடு நிலையமான கிளாரண்டனில் தெரு தோண்டிக் கிடந்த நாட்களில் வாடிக்கையாளர் வரவில்லை. நிலத்துக்கு விலை ஏறட்டும் என்று உரிமையாளர்கள் காத்திருந்தார்கள். அதுவரை குறைந்த வாடகைக்கு, குறுகிய குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. ஊரிழந்து வந்த வியட்நாமியர் அந்தக் கடைகளை எடுத்தார்கள். மளிகை, உணவகம், துணிக்கடை. தெருவுக்கு 'லிட்டில் சைகோன்' என்று பேராயிற்று. ரயில் வந்தது, வாடகை ஏறியது, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பலர் 1984இல் ஃபால்ஸ் சர்ச்சில் தொடங்கிய ஈடன் சென்டருக்குப் போனார்கள்.

தற்காலிகம் என்று தெரிந்துதானே வந்தார்கள் என்று கேட்கலாம். தெரிந்துதான் வந்தார்கள். ஆனால் வேறு வழியற்றவன் ஒரு நிபந்தனையை அறிந்திருப்பதும் அதற்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. சம்மதித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், குத்தகை உரிமையாளரின் கடமையைத்தான் முடித்துவைக்கிறது. ஊரின் கடமையை அல்ல. செத்துக்கொண்டிருந்த தெருவில் விளக்கேற்றி வைத்திருந்தவர்கள் இவர்கள். அந்த உபகாரம் எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை என்பதாலேயே அது நடக்கவில்லை என்றாகிவிடாது.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே, ஒரு வட்டாரத்தில் பல வயதுக் கட்டடங்கள் கலந்திருக்கவேண்டும் என்றார். கட்டிய செலவு தீர்ந்துபோன பழைய சுவர்களுக்குள்தான் சிறு வியாபாரம் பிழைக்கும் என்பது அவர் வாதம். இந்தத் திட்டம் கடையையும் அலுவலகத்தையும் வீட்டையும் கலந்தது. வாடகைகளைக் கலக்கவில்லை. ஆகவே உபயோகம் பலவாயிற்று, உபயோகிக்கிறவன் ஒருவனானான்.

சரியானதைச் செய்த பிறகும், செய்யாமல் விட்ட கடமை அழிந்துபோவதில்லை என்று பெர்னார்ட் வில்லியம்ஸ் 1965இல் வாதிட்டார். எனக்கு இது வெறும் வருத்தத்தைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. மிச்சம் நின்ற கடமையை வருத்தத்தால் தீர்க்க முடியாது. உயரம் கேட்டு வந்தவர்களிடம் நடைபாதையும் மரமும் கேட்டு வாங்கிய நிர்வாகம், பழைய குடிகள் தாங்கக்கூடிய வாடகையில் நான்கு கடைகளையும் கேட்டிருக்கலாம். கேட்கும் பலம் அதனிடம் இருந்தது. கேட்கவேண்டும் என்ற பிரக்ஞைதான் இல்லை.

ஈடன் சென்டரின் கடிகாரக் கோபுரம் சைகோனின் பென் தான் சந்தையை நினைவூட்டும்படி எழுப்பப்பட்டது. அதன் முன்னால் பரந்த கார் நிறுத்துமிடம். பக்கத்தில் மெட்ரோ நிலையம் கிடையாது.