கல்லும் பெயரும்

மலாக்காவில் அ பாமோசாக் கோட்டை வாயிலின்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளாத தோட்டத் தோழர் அரிது. 1511-இல் நகரைப் பிடித்த போர்த்துக்கீசியர் சுல்தான்களின் கல்லறைகளையும் பள்ளிவாசலையும் இடித்த கற்களைக் கொண்டே அக்கோட்டையை எழுப்பினர் என்கிறது சரித்திரம். பிறர் ஞாபகத்தைப் பெயர்த்தன்றோ தம் ஞாபகத்தை நாட்டினர்!

நிற்க. நம்மவருக்குக் கல் எங்கே? 1942-43-இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. அவர்களினும் பன்மடங்காய் மடிந்தவர் ஆசியத் தொழிலாளர். அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரம். தோட்டத்தில் ஒருநாள் பெரட்டுக்கு வந்தாலும் வராவிடினும் செக்ரோலில் கணக்கு ஏறியது. காட்டில் உயிர் போனபோதோ பெரும்பாலோர் பெயரை எழுதுவார் இல்லை.

2023-இல் காஞ்சனபுரியில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுந்தது, மகிழ்கிறோம். ஆயினும் பழந்தமிழர் நடுகல்லில் வீழ்ந்தவன் பெயரையும் பொறித்தனர். மொத்தமாய்த் ‘தமிழர்’ என்றால் கணக்குத் தீருமோ?

செத்தவன் அறியப்போகிறானா என்று பகுத்தறிவுள்ளார் கேட்பர். அறியான், மெய்தான். நாம் கேட்பது திதியன்று, சாட்சி. சயாமுக்குப் போய்த் திரும்பாத தகப்பன் பெயரைச் சொல்லும் கிழவிகள் சிலர் இன்னும் தோட்டங்களில் உளர். கல்லுக்குப் பணம் பிறகு சேரட்டும். அப்பெயர்களைத் தோட்டத்தின் பெயரோடு இவ்வாரமே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.