பிழைத்தது போதுமா?

நீண்ட நோயிலிருந்து எழுந்தவரைப் பார்க்கப் போனால் நம் வாயில் தானாக வரும் ஆறுதல், "உயிர் பிழைச்சதே பெரிசு." காசநோய் தீர்ந்து, காது போய் நிற்பவரிடமும் அதையேதான் சொல்கிறோம். யாருக்குப் பெரிசு என்று கேட்டுக்கொள்வதில்லை.

காசநோயை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குத் தலைசுற்றலும் காது மந்தமும் வருவதைச் சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். அதன் தம்பிகளான கானாமைசினுக்கும் அமிகாசினுக்கும் அதே குணம். ஒலியை நரம்புக்குச் சேர்க்கும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். அவற்றுக்குள் புகுந்த மருந்து லேசில் வெளியேறாது. கோழிக்கு அழிந்த மயிர்ச் செல் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. முதலில் போவது சில்வண்டின் ஒலி போன்ற உச்சச் சுருதிகள் என்பதால் நோயாளிக்கே தெரியாது. எதிரில் இருப்பவர் பேச்சு மங்கும்போது காலம் கடந்திருக்கும்.

மருந்துக்கு மசியாத காசநோய்க்கு இந்த ஊசிகளை மாதக்கணக்கில் போட்டார்கள். வேறு வழியில்லாத காலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. பின்னாளில் இந்த ஊசிகளுக்கு மாற்றான பெடாகுவிலின் மாத்திரைக்கு 2012 கடைசியில் அமெரிக்கா அனுமதி தந்தது. கானாமைசினை இனிப் பரிந்துரைப்பதில்லை என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2018-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் விலையும் தட்டுப்பாடும் தயக்கமும் சேர்ந்து எத்தனையோ பேரை ஊசியிலேயே நிறுத்தின.

மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேஸா டிசிலே இருவருமே காசநோய்ச் சிகிச்சையில் செவியை இழந்தவர்கள். பெடாகுவிலின் மீதான காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் செய்த விண்ணப்பத்தை எதிர்த்து 2019-இல் இந்தியாவில் மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மற்ற நிறுவனங்களும் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது.

அந்த வெற்றியால் அவர்கள் காதில் ஒரு செல்கூட முளைக்கவில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் வாதாடியது முகம் தெரியாத யாருடைய காதுக்காகவோ. மருத்துவம் எதைக் கொடுத்து எதை எடுக்கிறது என்ற கணக்கை, எடுக்கப்பட்டவரே கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அது திருந்தியது. தன் இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை இழந்தவருக்கு உண்டு. அவர் சார்பில் பொறுத்துக்கொள்ளும் உரிமை வேறு எவருக்கும் இல்லை.