கருணைக்குக் காவல் சத்தியம்

கை நடுங்காமல் ஒரு குவளை நீரை உதடுவரை கொண்டுசெல்வது எவ்வளவு பெரிய பேறு என்பதை, அது இயலாமற்போன பிறகே மனிதன் அறிகிறான். எழுந்து நிற்பது, அடியெடுத்து வைப்பது, பேரக்குழந்தையைப் பார்த்துப் புன்னகைப்பது ஆகிய எளிய செயல்களை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளும் நோய்களுள் ஒன்று பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விரிவாக விளக்கி எழுதினார். நடுக்கத்தைக் குறிக்கும் 'கம்பவாதம்' என்ற பெயர் ஆயுர்வேத மரபில் வழங்கி வருகிறது.

நடுமூளையில் கருநிறம் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் சீராக நடைபெற அது இன்றியமையாதது. இந்நோயில் அச்செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அறிகுறிகள் வெளியே தெரியும்போது அவற்றுள் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல, இழந்த அந்தச் செல்கள் மீண்டும் தோன்றுவதில்லை.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி இங்குதான் புதியதொரு நம்பிக்கையைத் தருகிறது. ஒரே விதையிலிருந்து வேரும் இலையும் பூவும் தோன்றுவதுபோல, உடலின் பலவகைச் செல்களாக மாறும் ஆற்றல் கொண்ட மூலச் செல்கள் இவை. இவற்றை டோபமைன் சுரக்கும் செல்களாக வளர்த்து மூளையில் பதிக்க முடிந்தால், அழிந்தவற்றின் பணியை அவை ஏற்கக்கூடும். இந்த நம்பிக்கை மூன்று அறக்கேள்விகளை எழுப்புகிறது. அழியும் உடலுக்காக இவ்வளவு முயற்சி தேவையா? தேவை எனில், அதை எந்த வழியில் செய்வது? அது கைகூடும்வரை நோயாளியிடம் என்ன சொல்வது?

உடல் அநித்தியம் என்றால் மருத்துவம் எதற்கு?

ஆன்மிக நாட்டமுள்ளோரிடையே சில நேரங்களில் ஒரு கருத்து எழுவதுண்டு. 'உடல் அழியக்கூடியது, நோய் வினைப்பயனால் வருவது, அதனுடன் இவ்வளவு போராடுவது தேகப்பற்று அல்லவா?' என்பது அது.

ஸ்ரீராமகிருஷ்ணரின் இறுதிக்காலம் இதற்கு விடையளிக்கிறது. 1885-இல் குருதேவரின் தொண்டையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்காகவே அவர் தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவின் ஷியாம்புகூருக்கும், பின்னர் காசிப்பூர் தோட்ட வீட்டிற்கும் அழைத்துச் செல்லப்பட்டார். சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவர் மகேந்திரலால் சர்க்கார். எதையும் ஆராய்ந்த பின்னரே ஏற்கும் இயல்பினர் அவர். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876-இல் கல்கத்தாவில் நிறுவியவரும் அவரே. பின்னாளில் சர் சி.வி. ராமன் ஆராய்ச்சி செய்து புகழ்பெற்றது அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான்.

தன் உடல் குணமாக வேண்டும் என்று அன்னை காளியிடம் வேண்டிக்கொள்ள குருதேவரின் மனம் இசையவில்லை. இறைவனிடம் ஒப்படைத்துவிட்ட மனத்தை மீண்டும் உடலின்மீது திருப்ப அவரால் இயலவில்லை. ஆயினும் மருத்துவரை அவர் விலக்கவில்லை. மருந்தை ஏற்றார், பத்தியத்தையும் ஏற்றார், இரவும் பகலும் பணிவிடை செய்ய வந்த இளைஞர்களின் அன்பையும் ஏற்றார். அந்தப் பணிவிடையே பின்னாளில் ஒரு துறவியர் சங்கம் உருவாக வித்தாயிற்று.

உடல் அநித்தியம் என்ற அறிவு, தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவனுக்குத் துணைசெய்ய வேண்டும். பிறர் துன்பத்தைப் பாராமலிருக்க அது சாக்காகிவிடக் கூடாது. நோய் வினைப்பயன் என்றே கொண்டாலும், அந்நோயாளியை நாடி மருந்துடன் வரும் கையும் அதே வினைப்பயனால் வந்ததாக ஏன் இருக்கக் கூடாது?

உறைந்த உடலுக்குள் இருந்தவர்கள்

மூளையைத் தொடும் மருத்துவத்தில் இன்னோர் ஐயமும் எழுகிறது. மூளையின் வேதிப்பொருள் மாறினால் மனமும் மாறுகிறது. அப்படியானால் மனிதன் என்பவன் மூளை மட்டும்தானா?

டோபமைன் நேரடியாக மூளைக்குள் புக இயலாது. ஆனால் மூளைக்குள் சென்றபின் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற பொருள் உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்த செய்தியைச் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் 1937-இல் வெளியிட்டனர். மூளையில் டோபமைனின் பணியை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1950-களில் தெளிவுபடுத்தினார். லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதிக அளவில் கொடுத்தால் பார்க்கின்சன் நோயாளிகள் பெரிதும் பயனடைவதை 1960-களின் இறுதியில் ஜார்ஜ் காட்சியஸ் காட்டினார்.

1969-இல் நியூயார்க்கின் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் ஆலிவர் சாக்ஸ் என்ற இளம் மருத்துவர் இம்மருந்தை வேறொரு வகை நோயாளிகளுக்கு அளித்தார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பரவிய மூளையழற்சியால் தாக்கப்பட்டு, பல ஆண்டுகளாகச் சிலைபோல் உறைந்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் எழுந்து நடந்தனர், பேசினர், பாடினர், இளமைக்கால நினைவுகளைச் சொன்னார்கள். பலருக்கு அந்த விழிப்பு நீடிக்கவில்லை. கட்டுக்கடங்காத அசைவுகளும் மனக்கிளர்ச்சியும் தோன்றின. மருந்தின் பயன் நிலைகுலைந்தது.

வேதாந்த மாணவனுக்கு இந்நிகழ்ச்சி அதிர்ச்சி தரத் தேவையில்லை. மனமும் நுண்ணிய ஜடமே, அதுவும் ஒரு கருவியே என்பது வேதாந்தத்தின் துணிபு. ஆகவே மருந்தால் மனம் மாறுவது ஆத்மா இல்லை என்பதற்குச் சான்றாகாது. வீணையின் தந்தி தளர்ந்தபோது இசை நின்றது, முறுக்கியபோது மீண்டது. இதைக்கொண்டு வாசிப்பவரே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. அதேபோல, இந்நிகழ்ச்சி ஆத்மா உண்டு என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் அன்று. ஆனால் நடைமுறைக்கு ஒரு பாடத்தை இது உறுதியாகக் கற்பிக்கிறது. அசைவற்ற முகத்துக்குப் பின்னால், கேட்டுக்கொண்டும் நினைத்துக்கொண்டும் ஒருவர் இருந்திருக்கிறார். 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்று அவர் எதிரிலேயே பேசியவை எத்தனையோ!

எந்த வழியில்?

முயற்சி தேவை என்றால், எந்த வழியில் என்பது அடுத்த கேள்வி. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தனர். செயற்கைக் கருத்தரிப்பில் உருவாக்கப்பட்டு எஞ்சிய, ஐந்தாறு நாள் வளர்ச்சி கொண்ட கரு அது. செல்களை எடுக்கும்போது கரு அழிகிறது. 'எப்படியும் கைவிடப்படவிருந்த கருவால் ஒரு நோயாளி பிழைக்கட்டுமே' என்றனர் ஒரு சாரார். 'மனித உயிரைக் கருவிப்பொருளாக்கலாமா?' என்றனர் மற்றொரு சாரார்.

பாரத மரபு இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட இடந்தரவில்லை. சுக்கிலமும் சோணிதமும் கூடும்போதே ஜீவனும் வந்து சேர்கிறது என்பது சரக சம்ஹிதையின் கருத்து. நோயுற்றவனின் துயர் துடைப்பதும் தர்மம், அஹிம்சையும் தர்மம். இரண்டும் மோதும்போது எதை விடுவது?

ஜப்பானிய மருத்துவர் ஷின்யா யமனாகா ஒருமுறை நண்பரின் கருத்தரிப்பு மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைக் கண்டார். அதற்கும் தம் மகள்களுக்கும் எவ்வளவு குறைந்த வேறுபாடு என்று அவருக்குத் தோன்றியது. கருவை அழிக்காத வேறு வழி வேண்டும் என்ற எண்ணம் அவருள் உறுதிப்பட்டது. 2006-இல் எலியின் செல்லிலும், 2007-இல் மனிதரின் தோல் செல்லிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, முதிர்ந்த செல்லையே மீண்டும் மூலச் செல் நிலைக்கு அவருடைய குழு கொண்டுவந்தது. 2012-இல் ஜான் கர்டனுடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வழி திறக்க, கருவின் ஸ்டெம் செல்களை ஆராய்ந்து பெற்ற அறிவும் உதவியது என்பதை மறைக்கலாகாது. இப்போதும் இருவகைச் செல்களிலும் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆயினும், மனசாட்சியின் உறுத்தல் அறிவியலுக்குத் தடை என்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். இங்கே அந்த உறுத்தலே ஒரு புதிய வாயிலைத் தேடச் செய்தது.

சத்தியம் என்னும் தவம்

வழி தூயதாயின், அதனால் விளைந்தது என்ன என்பதையும் தூய்மையாகச் சொல்ல வேண்டும். அறிவியல் தவம்போல் கடினமாவது இங்குதான்.

கருச்சிதைவில் கிடைத்த மூளைத்திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பதிக்கும் முயற்சி 1980-களின் இறுதியில் ஸ்வீடனில் தொடங்கியது. சிலர் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். அது திசுவின் பயனா, அன்றி நம்பிக்கையின் பயனா? அமெரிக்காவில் 40 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பாதிப்பேருக்குத் திசு பதிக்கப்பட்டது. மறுபாதிப்பேருக்கு, அவர்களின் முன்னொப்புதலுடன், மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது. தாம் எந்தப் பிரிவினர் என்பதை எவரும் அறியார். 2001-இல் வெளியான முடிவில், நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டின்படி இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. திசு பெற்றவர்களுள் சிலருக்குப் பின்னர் கட்டுப்படுத்த இயலாத அசைவுகளும் ஏற்பட்டன. கசப்பான இம்முடிவை மறைக்காமல் வெளியிட்டதால்தான் பின்வந்தோர் எச்சரிக்கையுடன் நடந்தனர்.

யமனாகாவின் முறையில் உருவாக்கிய செல்களைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தாகாஹாஷி குழுவினர் 2018 முதல் ஏழு நோயாளிகளின் மூளையில் பதித்தனர். 2025 ஏப்ரலில் முடிவுகள் வெளியாயின. இரண்டாண்டுக் கண்காணிப்பில் கடுமையான பக்கவிளைவு காணப்படவில்லை, கட்டிகள் வளரவில்லை. பயன் மதிப்பிடப்பட்ட ஆறு பேருள் நால்வருக்கு, மருந்தின் ஆற்றல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் உடலியக்கம் மேம்பட்டிருந்தது. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லாத, ஏழு பேரை மட்டுமே கொண்ட ஆய்வு இது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்வதே சத்தியம்.

விற்கப்படும் நம்பிக்கை

இவ்விரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னால் அது வணிகமாகிவிடுகிறது. எழுந்து நடக்க இயலாத தந்தைக்காக நிலத்தை அடகு வைக்கவும் தயங்காத பிள்ளைகள் இந்நாட்டில் எத்தனையோ பேர். அந்த அன்பை நோக்கியே விளம்பரங்கள் பேசுகின்றன. 'ஸ்டெம் செல் ஊசி' என்ற பெயரில் எதைச் செலுத்துகிறார்கள், அது மூளையை அடைகிறதா, அடைந்தால் என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு உறுதியான சான்று இல்லாமலேயே பணம் பெறப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2013-இல் அவற்றைத் திருத்தியபோது, தலைப்பிலிருந்து 'சிகிச்சை' என்ற சொல்லையே நீக்கியது. ஆராய்ச்சியை நிலைபெற்ற சிகிச்சையாக மக்கள் எண்ணிவிடக் கூடாது என்பதே நோக்கம். ரத்தம் சார்ந்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர, பிற பயன்பாடுகள் முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நிகழவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு நெறிகள் வலியுறுத்தின. ஆய்வில் பங்குபெறுவதற்கு நோயாளியிடம் கட்டணம் கேட்பதே ஐயத்திற்கு முதற்காரணமாக வேண்டும்.

'நம்பிக்கையையாவது கொடுக்கிறோமே, அதுவும் கருணைதானே?' என்று சிலர் வாதிக்கலாம். குருதேவர் புண்ணியம்-பாவம், அறிவு-அறியாமை என எல்லாவற்றையும் அன்னையின் திருவடிகளில் அர்ப்பணித்தார். சத்தியத்தை மட்டும் அவரால் கொடுத்துவிட முடியவில்லை. சத்தியத்தையும் கொடுத்துவிட்டால், மற்ற அர்ப்பணங்கள் எதன்மீது நிற்கும்? பொய்யான நம்பிக்கை நோயாளியின் பணத்தைக் கவர்வதோடு நிற்பதில்லை. எஞ்சியுள்ள காலத்தை அமைதியாக, உற்றாருடன், இறைநினைவில் கழிக்கும் வாய்ப்பையும் அது கவர்ந்துவிடுகிறது. சத்தியத்தை விட்ட கருணை ஹிம்சையாகவே முடிகிறது.

நாளைய மருந்தும் இன்றைய தொண்டும்

அப்படியானால் 'குணமாகுமா?' என்று கேட்பவரிடம் என்ன சொல்வது? 'ஆராய்ச்சி உண்மையாகவே முன்னேறுகிறது. இன்று உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. இருக்கும் மருந்துகளும் பயிற்சிகளும் உதவும். உங்களைத் தனியே விடமாட்டோம்.' இவற்றுள் கடைசி வாக்கியத்தைச் சொல்லும் துணிவு இல்லாதபோதுதான் மனிதர்கள் முதல் வாக்கியத்தை மிகைப்படுத்துகிறார்கள்.

சுவாமி விவேகானந்தரின் சீடர் சுவாமி கல்யாணானந்தர் 1901-இல் ஹரித்வாரை அடுத்த கன்கலில் சேவாசிரமத்தைத் தொடங்கினார். துறவிகள் நோயாளிகளின் மலம் கழுவுவதா என்று பழைமைப் போக்குடைய சாதுக்கள் இகழ்ந்தனர். அக்காலத்தில் பல கொடிய நோய்களுக்கு உரிய மருந்து இல்லை. இருந்தும் தொண்டு நின்றுவிடவில்லை. ஜீவனைச் சிவனாகக் காண்பவனுக்கு, மருந்து வரும்வரை காத்திருக்கும் வேலை இல்லை.

நடுங்கும் கையைப் பிடித்து உணவு ஊட்டுவதும், தடுமாறும் சொல் முடியும்வரை பொறுமையுடன் கேட்பதும், அசையாத முகத்தின் எதிரே மரியாதையுடன் பேசுவதும் இன்றே செய்யக்கூடியவை. ஆய்வுக்கூடத்தில் உண்மைக்காகத் தவமிருக்கும் விஞ்ஞானியும், படுக்கையருகில் அமர்ந்திருக்கும் மருமகளும் செய்வது ஒரே வழிபாடு. விஞ்ஞானியின் பூஜைக்குப் பலன் கிட்டும் நாள் எதுவென்று எவரும் அறியார். மருமகளின் பூஜையை இறைவன் அன்றன்றே ஏற்றுக்கொள்கிறான்.